மெர்சிங் படகும் நாற்பத்தொரு மோதல்களும்

மார்ச் 4, செவ்வாய்

மெர்சிங் கரையிலிருந்து தீவுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் விற்கும் செயலி செய்யும் வேலை எனக்கும் நிரஞ்சனுக்கும். நிரல் எழுதும் முன் எல்லாவற்றையும் பெட்டியும் கோடுமாக ஒரு மாடல் வரைய வேண்டும். ஆளுக்கொரு நகலில் வரைந்து, கடைசியில் நான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நான் வரைந்தால் ஒழுங்காக இருக்கும். அவன் வரைந்தால் மீ கோரேங் நூடுல்ஸ் தட்டு மாதிரி ஒரே சிக்கல்.

திங்கட்கிழமை படகு நிறுவனத்தாருக்குக் காட்டுகிறோம். நன்றாகப் போனால் என் வேலை நிரந்தரம்.

மார்ச் 5, புதன்

நிரஞ்சன் மூன்று தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு மணி நேரம் கதை அளப்பான்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நகலையும் சேர்த்தால் நாற்பத்தொரு இடத்தில் மோதல்! படகு நேரம் எட்டு, பத்து என்று நான் அழகாகப் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே எதையோ நுழைத்து வைத்திருக்கிறான். அவனோ அக்கா கல்யாணத்துக்கு மெர்சிங் போய்விட்டான். ஒவ்வொன்றாகப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா? ‘எல்லாவற்றிலும் என்னுடையதே’ பொத்தானை அழுத்தினேன். அப்பாடா.

மார்ச் 10, திங்கள்

மானம் போச்சு.

படகு நிறுவனத்து யோகேஸ்வரி அம்மா திரையில் ஒரு தேதியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அன்னிக்குப் பத்து மணிக்கு படகுத்துறையில தண்ணி இருக்காது லா. படகைத் தூக்கிட்டுப் போறது யாரு, நீங்களா?” என்றார். அறையே சிரித்தது. அங்கே கடல் ஏறினால்தான் படகு கிளம்புமாம், தினமும் நேரம் மாறுமாம். புதன்கிழமை வரை பொறுக்கிறேன் என்றார்.

நிரஞ்சனின் நகலைத் தேடித் திறந்தேன். அவன் நுழைத்த ‘எதையோ’ கடல் ஏறும் நேரம்தான். ஓரத்தில் ஒரு குறிப்பு: “லோஷினிய கேக்கலாம்னு கூப்பிட்டேன், எடுக்கல. அவ போட்டத அழிக்காம பக்கத்துல வச்சிருக்கேன்.”

எனக்கு எவ்வளவு திமிரு, ச்சே. அவன் என்னோடத அழிக்கலையே. நான்?

மார்ச் 11, செவ்வாய்

நிரஞ்சன் லட்டு டப்பாவோடு வந்தான். பொத்தான் கதையைக் கொட்டிவிட்டேன். எங்கள் மேலாளர் உமாதேவி அக்காவிடமும் சொன்னேன். தப்பு மாடலில் இல்லை, என் விரலில்.

“நாப்பத்தொன்னுதானே, உக்காரு லா,” என்றான் நிரஞ்சன். சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இருபதில் அவனுடையது சரி, பதினாறில் என்னுடையது. மீதி ஐந்தில் இரண்டு பேருமே உளறியிருந்தோம். லட்டு காலி.

மார்ச் 12, புதன்

யோகேஸ்வரி அம்மா அடுத்த வாரத்து நேரங்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு, பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிழைத்தோம்.

என் நிரந்தரக் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போகிறது. உமாதேவி அக்கா சிரிக்காமல்தான் சொன்னார். வலிக்கிறது, நியாயம்தான்.

மார்ச் 19, புதன்

நிரஞ்சன் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தேன். அரை டிக்கெட்டுக்கு ஐந்து நிமிடம், அவன் அக்கா கல்யாணக் கதைக்கு ஐம்பத்தைந்து.