இருவர் பெயரில் ஓர் அட்டை

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்கள் படகு இன்ஜினோடு குடித்தனம் நடத்தும் ஊரில் குளிர் விட்டதா?

ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். பின்மதியத்தில் வெயில் ஒரு ஜன்னலில் நுழைந்து, தரையெல்லாம் திரிந்துவிட்டு, அடுத்த ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. திரைச்சீலை தைக்கும் மேஜையை எங்கே போடலாம் என்று தூக்கத்தில்கூட நகர்த்திப் பார்க்கிறேன். ஆனால் வாங்கக் கடன் கிடையாதாம். நாலு வங்கி ஏறி இறங்கினேன். கடைசி வங்கியின் மேனேஜரம்மாதான் விஷயத்தைச் சொன்னார்: "உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்ப அடிவாங்கியிருக்கும்மா. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற பழைய கார்டுக்கு வருஷக் கட்டணமே கட்டல."

அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு என்னிடம் கோபித்துப் போனவர் யார்? எனக்கு அழுகைதான் வந்தது.

குருவி

மார்ச் 15

அன்புக் குருவிக்கு,

"கார்டே கதின்னு கிடக்கிறீங்க" என்று நீ சொன்னது தாங்காமல், இங்கே வந்த அன்றே அதைக் கத்தரித்து ஆற்றில் போட்டேன். அதோடு கணக்கும் தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். அட்டை செத்தாலும் கணக்கு உயிரோடு இருக்கும் என்று இந்த மரமண்டைக்கு எப்படித் தெரியும்? வங்கிக் கடிதமெல்லாம் நாம் காலி செய்த வீட்டுக்குப் போயிருக்கும்.

நேற்றே பாக்கியைக் கட்டிவிட்டேன். கணக்கை மூடவும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். இனி என் பெயர் உனக்குக் குறுக்கே நிற்காது.

காலையில் ஒரே பனி. இரண்டு கரையும் தெரியாமல் படகு நடுவில் மிதக்கும்போது, எங்கிருந்தோ உன் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கிறது.

உன் படகுக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

மூடவே கூடாதாம்! "இதுதான் உங்க பழைய கணக்கு. பத்து வருஷம் ரெண்டு பேரும் ஒழுங்கா கட்டினது இதுலதான் இருக்கு, அதைப் போய் தூக்கிப் போடுறீங்களே" என்று மேனேஜரம்மா சத்தம் போட்டார். கொஞ்சமாகச் செலவு செய்து, கெடுவுக்கு முன் முழுசாகக் கட்டிவந்தால் ஸ்கோர் ஏறுமாம். கடன் கேட்டு நான் வங்கி வங்கியாக அலைந்ததும் தப்பாம். ஒவ்வொரு முறை விசாரிக்கும்போதும் கொஞ்சம் இறங்குமாம்.

வீட்டை விற்கிறவர் மழைக்காலம் வரை பொறுப்பார். உங்களுக்கும் புது அட்டை வரும். மாதாமாதம் ஏதாவது சின்னதாக வாங்குங்கள். பெரிதாக வாங்கினால் புறப்பட்டு வந்து உதைப்பேன்.

குருவி

ஜூன் 20

அன்புக் குருவிக்கு,

சோப்பு வாங்கினேன், கட்டிவிட்டேன். குடை வாங்கினேன், அதையும் கட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம். நீ ஒருத்தி வாங்கிக் கட்டினாலே போதும் என்று இங்கே வங்கியில் சொல்கிறார்கள். உன் மேனேஜரம்மா அதைச் சொல்லவில்லையா?

உன் படகுக்காரன்

செப்டம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

சொன்னார்.

போன மாதக் கணக்கில் மூக்குக்கண்ணாடிக் கடை என்று வந்திருந்தது. எப்போதிலிருந்து கண் மங்கியது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அன்று முழுக்க எனக்குத் தையல் ஓடவில்லை.

ஸ்கோர் ஏறிவிட்டது, கடன் கிடைக்கும். "உங்க ஒருத்தர் பேர்லயே எடுத்துக்கலாம்மா. சேர்ந்து எடுத்தா, அவர் தவணை தவறினா உங்க ஸ்கோர் விழும், நீங்க தவறினா அவரோடது விழும். நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார் மேனேஜரம்மா.

வங்கி வாசல் படியில் உட்கார்ந்து நன்றாக யோசித்தேன். திரும்ப உள்ளே போய், இரண்டு பேர் என்றே எழுதச் சொல்லிவிட்டேன். படிவத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். வந்து கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள்
குருவி