நான் எழுத மறுத்த வரி

என் உயிர் மச்சான் கரீமுக்கு,

கடலூர் முதுநகரில், உன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். உன் மேசை, உன் நாற்காலி, உன் டைப்ரைட்டர். கானா நாட்டிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கிறேன். சிதம்பரத்தில் நம் கல்லூரி விடுதி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு நீ சொன்ன யோசனைகளையும் சேர்க்க வேண்டுமாம். உன்னைப் பற்றி மூன்றாம் மனிதனுக்குச் சொல்வதுபோல் எழுத எனக்கு வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

யோசனைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுதியில் உன் அறைக்கு ஆட்கள் வரிசையாக வருவார்கள். பினாங்கில் கடை வைத்திருந்த உன் வாப்பா, அங்கே வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி உனக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார். அதிலிருந்து நீ கற்றுக்கொண்டது எல்லாம்.

“அழுவாத மச்சான். வயசான தாய் தகப்பன், கட்டிக் குடுக்காத தங்கச்சின்னு எழுதினா அவன் பரிதாபப்படுவான், வேலை குடுக்க மாட்டான். உன்னால அவனுக்கு என்ன ஆவும், அதை எழுது” என்பாய். அசல் சான்றிதழைத் தபாலில் அனுப்பாதே என்பாய். பேராசிரியர் பெயரை நற்சான்றுக்குப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்பாய். “எல்லா பள்ளிக்கூடத்துக்கும் ஒரே லெட்டரை அனுப்பினா, அது யாருக்கும் அனுப்பாத லெட்டரு.” ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் எடுத்து வைப்பாய். என்ன எழுதினோம் என்று மறந்துவிட்டு நேர்காணலில் விழிக்கக் கூடாதல்லவா?

இன்னொரு பழக்கமும் உனக்கு இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எங்கள் எல்லாரிடமும் மூன்று வெள்ளைத்தாளில் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வாய். பேப்பரில் விளம்பரம் வந்தால் எங்களைத் தேடாமல், கையெழுத்துக்கு மேலே நீயே டைப் அடித்து அனுப்பிவிடலாம் என்று. நானும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

நமக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. எனக்குத் திக்குவாய். முதல் சொல்லைத் தள்ளி வெளியே கொண்டுவருவதற்குள் எதிரே நிற்பவர் முகம் மாறிவிடும். ஆனால் கையில் சாக்கட்டியை எடுத்து, அறைக் கதவில் கணக்குப் போட்டுக் காட்டும்போது திக்காது. அதைக் கண்டுபிடித்தவன் நீ. கண்டுபிடித்ததோடு நில்லாமல், அதை என் விண்ணப்பத்தில் எழுதச் சொன்னாய்.

“உள்ளதைச் சொல்லிடு. நேர்ல போய் நின்னா தெரிஞ்சிடப் போவுது. முன்னாடியே தெரிஞ்சா அது குறை இல்ல, பின்னாடி தெரிஞ்சா அது பொய்யி.”

“நா செத்தாலும் அந்த வரியை எ... எழுத மாட்டேன்.”

நீ சிரித்தாய். “நீ எழுத வேணாம் ராமலிங்கம். நா எழுதறேன்.”

நான் உன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

பரீட்சை முடிந்த கையோடு உனக்கு மஞ்சள் காமாலை கண்டது. இருபத்திரண்டு நாள். தந்தி கிடைத்து நான் என் ஊர் பெண்ணாடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அடக்கத்துக்கு உன்னைத் தூக்கிவிட்டார்கள். கபர்ஸ்தானுக்கு ஓடிவந்து மூன்று பிடி மண் போட்டேன். உன் வீட்டு வாசலில் நின்று, உன்னைப் பெற்ற உம்மாவிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். முதல் எழுத்தே வரவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டேன்.

ஊரில் என் அப்பா எனக்குச் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்தார். கரும்பு வண்டிக்குச் சீட்டு எழுதும் வேலை. “பேச வேண்டியது இல்ல, எழுதினா போதும். திக்குவாயனுக்கு எவன்டா வாத்தியார் வேலை குடுப்பான்?” என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான். நானும் சரி என்றேன்.

நீ போய் நான்கு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் தபால்காரர் ஒரு விமானத் தபால் உறையைக் கொடுத்தார். கானா நாட்டில் ஏதோ ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். என் விண்ணப்பம் கிடைத்ததாம். கணக்கு ஆசிரியராக எடுத்துக்கொள்கிறார்களாம். கீழே இப்படி எழுதியிருந்தார்:

‘பேச்சைத் தொடங்கும்போது திக்கும், சாக்கட்டி கையில் இருந்தால் திக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். தன் குறையைத் தானே எழுதிய ஒருவரை இந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கிறேன். வாருங்கள்.’

நான் எங்கும் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை, கரீம். முதலில், சாவதற்கு முன் நீ அனுப்பியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் குறிப்பிட்டிருந்த விண்ணப்பத் தேதியைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். உன்னை அடக்கம் செய்த நாற்பத்தொன்றாம் நாள்.

மறுநாளே ரயிலேறி விருத்தாசலம் வழியாகக் கடலூர் வந்தேன். உம்மா முன்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். உன் தங்கை ஜைனபு திரைக்குப் பின்னால் நின்றாள். நான் கடிதத்தை நீட்டினேன். அவள்தான் வாங்கிப் படித்தாள்.

“நான்தாண்ணே அடிச்சேன்” என்றாள். “அண்ணன் படுத்த படுக்கையா இருந்தப்போ சொல்லச் சொல்ல எழுதி வச்சிருந்தேன். நாப்பதாம் நாள் கழியட்டும்னு இருந்து, மறுநா காலைல அடிச்சு, உங்க கையெழுத்துப் போட்ட தாளுல அனுப்பினேன். சொல்லாம செஞ்சதுக்கு மன்னிச்சுக்குங்க.”

அவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆனால் அவள் மறுபடியும் அந்தக் கடிதத்தைப் படித்தாள். திரை அசையவே இல்லை.

“அண்ணே, இந்தத் திக்குறது... இதை நா அடிக்கலையே.”

உள்ளே போய்க் கார்பன் நகலை எடுத்து வந்தாள். உன் வாசகம்தான். சுருக்கமாக, அழுகை இல்லாமல், நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே இருந்தது. திக்குவாய் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“இன்னொரு வரி இருக்கு, அதை அவன் வேணாம்னுட்டான், விட்டுடுன்னு அண்ணன் சொன்னாங்க. என்ன வரின்னு சொல்லலை. உங்களுக்குப் பேச்சு திக்கும்னே எனக்குத் தெரியாது. நீங்க எங்க வீட்டுல வாயே திறக்க மாட்டீங்களே.”

உண்மைதான். எத்தனை தடவை வந்து சாப்பிட்டிருக்கிறேன்? உம்மாவின் எதிரே தலையை மட்டும்தான் ஆட்டியிருக்கிறேன்.

அடித்த தாளை என்ன செய்தாய் என்று திக்கித் திக்கிக் கேட்டேன். கார்பனை உருவிவிட்டு, தாளை மெஷினிலேயே விட்டுவிட்டு நண்பகல் லுஹர் தொழக் கீழே வந்தாளாம். தொழுதுவிட்டு மேலே போய், திரும்பப் படிக்காமலே மடித்து உறையில் போட்டாளாம்.

அப்போது உம்மா சொன்னார்கள்.

“அன்னிக்கு நாம தொழுவுறப்போ மேல மெஷின் சத்தம் கேட்டுச்சே புள்ள. கொஞ்ச நேரந்தான். நீதான் அடிக்கிறேன்னு நெனச்சேன். தொழுது முடிச்சு சலாம் குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா, நீ எம் பக்கத்துல இருக்கே.”

நான் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே சத்தமில்லை.

“நா போ... போவலை உம்மா. எனக்கு இந்த வேலை வேணாம்” என்றேன். என் வாழ்க்கையில் உம்மாவிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். “அதுல எழுதியிருக்கிறது பொய்யா?”

“இ... இல்ல.”

“அப்பப் போயிட்டு வா.”

போனேன். அங்கே சேர்ந்த இரண்டாம் வாரம், என் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் கோப்பை எடுத்துக் கொடுத்தார். தாள் முழுக்க ஜைனபு அடித்தது. என் கையெழுத்துக்குச் சற்று மேலே, தனியாக அந்த வரி. உன் மெஷினில் ஓர் எழுத்து மட்டும் கொஞ்சம் இறங்கியே விழும், நினைவிருக்கிறதா? இந்த வரியிலும் அது இறங்கித்தான் இருந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பயமா, வெட்கமா, நன்றியா என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

வேலை நன்றாகப் போகிறது. வகுப்பில் எனக்குத் திக்குவதில்லை. ஆசிரியர் அறையில் திக்கும்போது யாரும் முகத்தைத் திருப்புவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு முன்னாடியே தெரியும். நீ சொன்னது சரிதான்.

இப்போது வீட்டுச் செய்தி சொல்கிறேன். இந்த முறை ஊருக்கு வந்ததும் ஜைனபு என்னிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு மெஷின் தானாக ஒலிக்கவே இல்லையாம். ஆனால் உம்மா தினமும் அந்த லுஹர் நேரத்துக்கு மாடியைப் பார்த்தபடி காத்திருப்பார்களாம். பார்க்கச் சகிக்காமல், ஜைனபு ஓசைப்படாமல் வெளிப்பக்கப் படிக்கட்டில் ஏறிப் போய் எதையாவது தட்டுவாளாம். இரண்டு வருடமாக, ஏறக்குறைய தினமும். உம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்களாம்.

அவளுக்குச் சிதம்பரத்தில் பி.யூ.சி. படிக்க ஆசை. உன் வாப்பாவும் பினாங்கிலிருந்து வந்து சம்மதம் சொல்லிவிட்டார். அவள்தான் தயங்கினாள். “நா ஹாஸ்டலுக்குப் போயிட்டா உம்மாவுக்கு யாருண்ணே தட்டுவா?” என்றாள். நான் ஊரில் இருக்கும்வரை தட்டுகிறேன், அதற்குள் உம்மாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

இன்று காலை வாப்பா ஜைனபுவைக் கல்லூரியில் சேர்க்கச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டார். வீட்டில் உம்மா மட்டும்தான். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னதும் நான் வெளிப்பக்கப் படிக்கட்டு வழியாக மேலே வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் நிறையத் தட்டினேன். எனக்கு டைப் தெரியாது. ஒரு விரலால், விட்டு விட்டு. பிறகு இறங்கிப் போய் உம்மா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜைனபு தட்டியது, இன்றைக்கு நான் தட்டியது, எல்லாம். இடையில் பல இடத்தில் திக்கியது. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

“தெரியும் தம்பி” என்றார்கள். “அவ தட்டுறது எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குக் காலடி சத்தம் தெரியாதா? புள்ள மனசு நோவக் கூடாதுன்னு சும்மா இருந்தேன். அவ படிக்கட்டும்.”

சோற்றை எடுத்து வைத்தவர்கள், ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்கள்.

“இன்னிக்கு நீ மட்டுமா தட்டினே? ஒருத்தரு தடவித் தடவி, இன்னொருத்தரு வேகமா, ரெண்டு பேரு மாத்தி மாத்தித் தட்டுறாப்புல இருந்துச்சே.”

என் காதில் என் ஒரு விரல் சத்தம்தான் விழுந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி மேலே வந்தேன். மெஷினில் இருக்கும் தாளை இன்னும் நான் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டுப் பார்ப்பேன்.

அதில் என்ன இருந்தாலும் கிழிக்க மாட்டேன், மச்சான். இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

உன் உம்மாவுக்கு இன்னொரு மகன்,
ராமலிங்கம்