மஃபின் சுட்ட மகாராசாவுக்கு

இஞ்சாருங்கோ,

இலை கொட்டத் தொடங்கினதில இருந்து நான் செய்து தந்துவிடுற பூசணி மஃபினை, "நானே சுட்டது" எண்டு சொல்லி வேலையிடத்தில பேர் வாங்கியிருக்கிறியள்! நேற்றுத் தொங்கு ரயிலில, உங்களோட வேலை செய்யிற ஹைக்கா என்னட்டையே உங்கட கைப்பக்குவத்தைப் புகழுறா. இண்டைக்கு நாலு மணிக்கு உங்களிட்டை மஃபின் சுடப் பழக வரட்டோ எண்டு கேட்டா. நான் சந்தோசமா ஓமெண்டிட்டன்.

பூசணிக்காய் மேசையில கிடக்கு. சீனி எது, உப்பு எது எண்டு நக்கிப் பாத்துக் கண்டுபிடியுங்கோ. ஓவன் அடுப்புக்குக் கீழ இருக்கு. ஒருக்காலும் கண்டிருக்க மாட்டியள்.

நான் அக்கா வீட்டை போறன். ஃபோன் அடிச்சாலும் எடுக்க மாட்டன்.

வதனி

பி.கு.: மானம் கப்பலேறப் போகுதெண்டால், காலமை சுட்டது கொஞ்சம் இருக்கு. நீங்கள் கை வைக்கவே மாட்டியளெண்டு தெரிஞ்ச இடத்தில ஒளிச்சு வச்சிருக்கிறன்: கோப்பை கழுவுற மெஷினுக்குள்ள.