சிக்னல் பச்சையாகாத திங்கட்கிழமை

ஓபர்லின்டா,
ஜனவரி 19, ஞாயிறு

அன்பு மகள் சில்கேவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், பூனை சௌக்கியம், உன் அப்பாவின் வலது காலைத் தவிர அவரும் சௌக்கியம், அவருடைய வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் சௌக்கியமாக இருந்தது, போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அதுவும் அடங்கியிருக்கிறது. நார்வே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசும்போதெல்லாம் நம்ம ஊர் டாக்டர் என்ன ஆனார், ஏன் அவ்வளவு தூரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்கிறாய், நானும் அது பெரிய கதை என்று மழுப்பிக்கொண்டே இருக்கிறேன். உன் அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எப்படியம்மா சொல்வது. இன்று அவர் உன் சித்தப்பா வீட்டுக்குக் கால்பந்து பார்க்கப் போயிருக்கிறார், வர மூன்று மணி நேரமாகும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதியது என்று வைத்துக்கொள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு மூன்றரை வருடம் நம் ஊருக்கு டாக்டர் குதிரைக் கொம்பாக இருந்தது உனக்குத் தெரியும். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம், வீட்டு வாடகை வேண்டாம் என்றோம், வந்து பார்த்த நம் நாட்டு டாக்டர்கள் எல்லாம் என் பிளம்ஸ் கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். கடைசியில் போன மார்ச் மாதம் டாக்டர் மர்வான் ஹல்லாக் வந்தார். சிரியாக்காரர், லைப்சிக் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை பார்த்தவர், மனைவி ருலா, ஏழு வயதில் லின் என்று ஒரு பெண். அவர் பேசும் ஜெர்மன் நாம் பேசுவதைவிடச் சுத்தம். நம் ஊர்ப் பேச்சு விளங்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது, அது அவர் குற்றமில்லை, பக்கத்து ஊர்க்காரனுக்கே விளங்காது. உன் அப்பா சர்க்கரைக்காரர், பாதத்தில் புண் இருந்ததே தெரியாமல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் கட்டை விரலை எடுத்திருப்பார்கள் என்றார். வாரம் தவறாமல் சுத்தம் செய்து கட்டுப் போட்டார், கோடைக்குள் புண் ஆறிவிட்டது. அந்த மனிதர் நம் ஊரில் இருக்கும்வரை உன் அப்பாவின் கால் உடம்போடு இருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அதற்குள் திங்கட்கிழமை நடை சூடுபிடித்தது. உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஹைக்கோதான் தலைவர், நீ நாலாவது தடவையில் பாஸானாயே, அதே ஹைக்கோ. திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியும் கொடியுமாகத் தேசத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார், பின்னால் முப்பது நாற்பது பேர். ஒருத்தர் காற்றாலை வேண்டாம் என்று நடப்பார், ஒருத்தர் வானொலிக் கட்டணம் வேண்டாம் என்று நடப்பார், ஒருத்தி புருஷன் செத்த பிறகு வீட்டில் பேச்சுத் துணை இல்லை என்று நடக்கிறாள். ஆனால் எல்லாருக்கும் சேர்த்துக் கோஷம் ஒன்றுதான், வெளிநாட்டுக்காரன் வெளியே போ. நம் ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் மொத்தம் பத்துப் பேர். மூன்று பேர் டாக்டர் வீட்டார், நாலு பேர் உன் கல்யாணத்துக்குப் பூங்கொத்து கட்டிக் கொடுத்த வியட்நாம் பூக்கடைக்காரர்கள், மீதி மூன்று பெண்கள் முதியோர் இல்லத்தில் ஹைக்கோவின் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவர்கள். அந்த அம்மாவைப் பார்க்க மகன் மாதம் ஒரு முறை போவான், தேசத்துக்கு வாரம் ஒரு முறை.

இதில் வேடிக்கை என்னவென்றால், திங்கட்கிழமை காலையில் அதே கூட்டம்தான் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஹைக்கோவுக்கு ரத்த அழுத்தம். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க, நான் உங்களச் சொல்லல, நீங்க வேற, மத்தவங்களத்தான் சொல்றேன்" என்பாராம். டாக்டர், "சரிங்க, இப்ப பேசாதீங்க, பேசினா அளவு ஏறுது" என்பாராம். உன் அப்பாவும் இந்த நடையில் சேர்ந்தார். ஏன் என்று கேட்டால் "நான் டீசல் விலைக்காகத்தான் போறேன்" என்றார். நம் கார் பெட்ரோல் கார் சில்கே. அதைச் சொன்னால், அங்கே பழைய தொழிற்சாலை ஆட்கள் வருகிறார்கள், சாசேஜ் சுடுகிறார்கள், நான் கூட நடக்கிறேன் அவ்வளவுதான், வாயே திறப்பதில்லை என்றார். நானும் ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு.

நவம்பர் பதினொன்றாம் தேதியும் திங்கட்கிழமை. அன்று பள்ளிப் பிள்ளைகள் காகித விளக்கு ஏந்திப் பாடிக்கொண்டு போகிற நாள், நீகூட நிலா விளக்கு செய்து வழியில் எரித்துவிட்டு அழுதாயே. பிள்ளைகள் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள். ஆறு மணிக்கு மேல் இவர்கள் வந்தார்கள். டாக்டர் வீட்டு வாசலுக்கு நேராகப் பாதசாரிகள் கடக்கும் சிக்னல் இருக்கிறது, அவர் வீடு நம் வீட்டிலிருந்து மூன்றாவது. அன்று பார்த்து அது சிவப்பிலேயே மாட்டிக்கொண்டது. தெருவில் ஒரு கார் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. ஆனால் சிவப்பு சிவப்புதானே. ஹைக்கோ கையைத் தூக்கிக் கூட்டத்தை நிறுத்தினார், இருபது வருடமாக ஊருக்கே போக்குவரத்து விதி சொல்லிக்கொடுக்கிறவர் எப்படிக் கடப்பார். கூட இரண்டு போலீஸ்காரர்கள் வேறு. ஒருவர் மாற்றி ஒருவர் பொத்தானை அமுக்கினார்கள், ஹைக்கோ கையுறையைக் கழற்றிவிட்டு முறைப்படி அமுக்கிக் காட்டினார், பச்சை வரவில்லை. திரும்பிப் போகலாமே என்றால் அதுவும் முடியாது, போலீஸில் எழுதிக் கொடுத்த பாதை அது, மாறினால் விதிமீறல். அரசாங்கத்தையே கவிழ்க்கப் புறப்பட்ட முப்பத்தாறு பேர் இருபத்தைந்து நிமிடம் சிக்னலில் எரிகிற ஒரு சிவப்புப் பொம்மைக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். இதுவரைக்கும் நானும் உன்னோடு சேர்ந்து சிரிப்பேன்.

அந்த நேரத்தில் டாக்டர் வீட்டு மாடியில் விளக்கு எரிந்திருக்கிறது. கூட்டத்தின் சத்தம் கேட்டு இன்னொரு விளக்கு ஊர்வலம் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள் அந்தக் குழந்தை லின். தான் பள்ளியில் செய்த காகித விளக்கைத் தூக்கி ஜன்னலில் ஆட்டியிருக்கிறாள். கீழே யாரோ ஒருத்தர் "வெளிய போங்கடா, உங்க ஊருக்கே போங்கடா" என்று கத்தினார். ஒருத்தர் கத்தியதும் கும்பலோடு கோவிந்தா, எல்லாரும் கத்தினார்கள். விளக்கு உள்ளே போனது, ஜன்னல் மூடியது, அப்போதும் நிறுத்தவில்லை. சிக்னல் பச்சையாகாத வரைக்கும் அவர்களுக்கு வேறு வேலை இல்லையே. கடைசியில் போலீஸ்காரர் சிக்னல் பழுது என்று முடிவுசெய்து கை காட்டினார், நன்றி சொல்லிவிட்டு வரிசை குலையாமல் கடந்து போனார்கள். நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது சில்கே. கேட்டுவிட்டு வானொலியைச் சத்தமாக வைத்தேன். ஊரைத் திட்டுகிற நானும் யோக்கியமில்லை.

மறுநாள் கேக் எடுத்துக்கொண்டு போனேன். ருலா கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் டாக்டரின் கிளினிக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது, மாதக் கடைசியோடு மூடுகிறார் என்று. ஊர்த் தலைவி அலறியடித்துக்கொண்டு கூட்டம் போட்டாள். டாக்டரும் வந்தார். எல்லாரும் எழுந்து எழுந்து ஒரே பாட்டைப் பாடினார்கள், "டாக்டர், நாங்க உங்க வீட்டுக்காக நிக்கல, சிக்னல் சிவப்பா இருந்துச்சு, அதனாலதான் நின்னோம், போலீஸக் கேளுங்க" என்று. அவர் முழுதும் கேட்டுவிட்டு, "நின்னதுக்குக் காரணம் சிக்னல்னு என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், நம்பிட்டா. எதுக்குக் கத்துனாங்கன்னு கேக்குறா. அதுக்கும் சிக்னல்தான்னு சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். முதலில் கத்தியது யார் என்று ஊர்த் தலைவி கேட்டாள். முன்னால் நின்றவர்கள் குரல் பின்னாலிருந்து வந்தது என்றார்கள், பின்னால் நின்றவர்கள் முன்னாலிருந்து என்றார்கள். உன் அப்பா குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது டாக்டர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் இருக்கிறார். அங்கே போக ஒரு நாளைக்கு இரண்டே பஸ். போன வாரம் ஹைக்கோ என்னை ரொட்டிக் கடையில் பிடித்துக்கொண்டு, "ரோஸ்விட்டா, உனக்குத்தான் அவர நல்லாப் பழக்கமாச்சே, எனக்கொரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடேன்" என்றார். ஒலிபெருக்கிதான் இருக்கிறதே, இங்கிருந்தே கூப்பிடு, கேட்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் கேள், திங்கட்கிழமை நடைக்கு இப்போது புதுக் கோஷம் வந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு டாக்டர் வேண்டும் என்று கொடி பிடிக்கிறார்கள். டாக்டர் இல்லாமல் போனதற்குப் பெர்லினில் ஆட்சி செய்கிறவர்கள்தான் காரணமாம். வெட்கம் என்பது கடையில் விற்றாலும் வாங்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன் அப்பாவின் புண் மறுபடி வாய் திறந்தது. வேறு வழியில்லாமல் போன செவ்வாய்க்கிழமை அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். எங்களைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சின்ன முக்காலியில் உட்கார்ந்து உன் அப்பாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், தானே காலுறையை மெல்ல உரித்தார், அரை மணி நேரம் சுத்தம் செய்தார். "ரொம்ப நேரம் நிக்காதீங்க ஐயா, இந்தக் காலுக்கு ஆகாது" என்றார். உன் அப்பா முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. வலி என்று நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில், பீட்ரூட் வயல்கிட்டே, வண்டியை நிறுத்து என்றார். வாந்தி வருகிறதோ என்று ஓரமாக நிறுத்தினேன். "முதல்ல கத்துனது நான்தான்" என்றார். "கால் எரிஞ்சுது, குளிரு வேற, நின்னு நின்னு கடுப்பாயிடுச்சு. அந்தப் பொண்ணு மேல நின்னு வெளக்க ஆட்டுனப்ப எங்களக் கேலி பண்றாப்புல இருந்துச்சு. வாயில வந்துடுச்சு ரோசி" என்றார். நாற்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்த மனிதரை அறையவேண்டும் என்று அன்றுதான் கை துடித்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவரு என் காலப் பிடிச்சுக்கிட்டு இருக்கறப்ப எப்படிச் சொல்றது" என்றார். அப்போதுதானய்யா சொல்லவேண்டும் என்றேன். அழுதார். நான் கைக்குட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அந்தக் குழந்தையை நினைத்து, கொஞ்சம் என்னை நினைத்தும்.

நாளை மறுநாள் மறுபடி கட்டு மாற்றப் போகவேண்டும். இந்தத் தடவை டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்கிறார். அவர் வார்த்தையை நான் நம்பவில்லை, டீசல் கதையையே மாதக்கணக்கில் சொன்னவர். ஆகவே முடிவாகச் சொல்லிவிட்டேன், சொல்லாமல் வெளியே வந்தால் காரில் ஏற்றமாட்டேன். சாயங்கால பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நிற்கட்டும். நிற்பதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்திருக்கும். போனில் நீயே கேள், மகள் கேட்டால் பொய் சொல்ல வராது அவருக்கு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் துவைத்துக் குட்டையாக்கிவிடாதே. நீயும் அங்கே வந்து குடியேறினவள்தானே கண்ணு. உன் ஜன்னலுக்கு நேராக எவர் வந்து நின்றாலும் உன்னை நல்லது சொல்லி அழைக்கவே நிற்கட்டும், நீயும் உன் வீடும் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரோஸ்விட்டா