உங்கள் பெயரில் நான் போட்ட பதில்கள்

என் அருமை கோமதி மதினிக்கு,

நலமா என்று எழுத வந்த கை பாதியில் நின்றுவிட்டது. எங்கிருக்கிறீர்கள் என்றே தெரியாமல் எப்படிக் கேட்பது? இங்கே ஸ்ரீவராகத்தில் மழை விட்டபாடில்லை. அண்ணன் சாப்பிடுகிறார், ஆபீஸ் போகிறார், வருகிறார். உங்கள் எட்டாம் வகுப்புத் தமிழ் இப்போது என் கையில். கூடவே உங்கள் வலைப்பூவும்.

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட அங்கே எழுதும் என்று ஹெச்.எம்.மிடம் மல்லுக்கட்டி ஆரம்பித்தீர்கள். அம்மாவுக்குப் பயந்து வீட்டில் அண்ணன் பெயரையே சொல்லாத ஆள் நீங்கள். ஆஸ்பத்திரியில் நான் அதன் பாஸ்வேர்ட் கேட்டதும், "எல்லாம் உங்க அண்ணன் பேருதான், போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே! பக்கத்துக் கட்டில்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

வலைப்பூ உங்கள் கணக்கில் திறந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் லேபில் எழுதுவதற்கு நான் பதில் போட்டால், கீழே 'கோமதி டீச்சர்' என்றுதான் விழும். போன வருஷப் பிள்ளைகளுக்கு நீங்கள் போனது தெரியும். ஜூனில் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தபோது இசக்கியம்மாள் உங்களுக்கு எழுத ஆரம்பித்திருந்தாள்.

தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவுக்கு இங்கே பழவங்காடியில் ஹோட்டல் வேலை. மலையாளம் இன்னும் அவள் வாயில் நுழையவில்லை. நான் கேள்வி கேட்டால் பெஞ்சைப் பார்ப்பாள். வலைப்பூவிலோ பக்கம் பக்கமாக எழுதுகிறாள். "எம் பேரச் சொன்னா எல்லாரும் சிரிக்காவ டீச்சர், பேர மாத்திரலாமா?" என்று ஒருநாள் கேட்டிருந்தாள். மாற்றாதே, சிரிப்பவர்கள் கொஞ்ச நாளில் களைத்துப்போவார்கள் என்று உங்களைப் போலவே எழுதப் பார்த்தேன். நம்பிவிட்டாள்.

பிறகு என்னிடமே வந்து, "கோமதி டீச்சர் எப்போ வருவாவ?" என்றாள். "லீவுல இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எழுதுவதை நிறுத்திவிடுவாள் என்ற பயமா? இல்லை, உங்கள் பெயர் திரையில் விழும்போதெல்லாம் நீங்கள் இருப்பதுபோல எனக்கே ஒரு நிம்மதி வருகிறதே, அதனாலா? ஒன்றும் புரியவில்லை மதினி. என்னிடம் பேசாதவள் உங்களிடம் மனம் திறக்கிறாளே என்று பொறாமைகூட வருகிறது. எழுதுவது நான்தான், தெரியும். இருந்தும் வருகிறது.

அண்ணனும் படிக்கிறார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதுத் தேதியில் உங்கள் பெயரைப் பார்த்து ஆடிப்போய் எனக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "செரி, நிறுத்திராத கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னார்.

இன்றைக்கு இசக்கி எழுதியிருக்கிறாள். அப்பாவுக்கு ஹோட்டல் வேலை போய்விட்டதாம். ஓணம் லீவோடு குடும்பமே ஊருக்குத் திரும்புகிறதாம். "போறதுக்கு முன்னால உங்கள ஒரு தடவ பாக்கணும் டீச்சர். நாளைக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிப்பேன். என்னய அடையாளம் கண்டுருவீங்கல்லா?"

என்ன பதில் போடுவது? எதைப் போட்டாலும் உங்கள் பெயரில்தான் விழும். நீங்கள் இறந்துபோனதை உங்கள் வாயாலேயே எப்படிச் சொல்லவைப்பேன்? அழித்து அழித்து எழுதிவிட்டுக் கடைசியில் மூடிவைத்துவிட்டேன்.

நாளைக்கு அந்த வாசலுக்கு நான்தான் போகிறேன். அவளுக்கு எழுதியது நான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இனி என் பெயரில் ஒரு கணக்குத் திறந்துகொள்கிறேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை, அதையும் நானே சொல்கிறேன்.

எங்களை விட்டு நீங்கள் எப்போதோ போய்விட்டீர்கள். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் நாளைக்குத்தான் சாகப்போகிறீர்கள், மதினி. அப்போது அவளைத் தனியாக விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பேச்சை ஒருநாளும் கேட்காத நாத்தனார்,
மீனா