உன் படம் இழுத்த புகை

மச்சான், இன்று காலை இரும்புலியூர் டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடைக்காரர் கல்லாப்பெட்டி மேல் ஊதுபத்தி ஏற்றினார். புகை நேராக மேலே போகாமல் என் பக்கம் சாய்ந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, சாயாமல் என்ன செய்யும்? அது புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. "இன்னா சார், டீ நல்லா இல்லியா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார். நல்லாத்தான் இருந்தது.

இந்த வியாதி உன்னால் வந்தது. ஊதுபத்தியைக் கண்டால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நீதான்.

உன் பழைய காருக்கு எல்லாக் காரையும் போல ஒரே தொண்டை. நாலு சிலிண்டருக்கும் அதன் வழியாகத்தான் காற்று. நீ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பைக்கிலிருந்து எடுத்த நாலு த்ராட்டில் பாடியை, சிலிண்டருக்கு ஒரு தொண்டையாக, வரிசையாக மாட்டினாய். நன்றாக ஓடுகிற காரை எதற்குப் பிரித்துப் போட்டாய் என்று செல்வி சண்டைக்கு வந்தாள். நீ ஸ்பானரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாய்: "நாலு பசங்க கீற வூட்ல ஒரே தட்டுல சோறு போட்டா இன்னா ஆவும்? அடிச்சிக்கும்ங்க. அதான் ஆளுக்கு ஒரு தட்டு வச்சிட்டேன்." உன் பெண்டாட்டி சும்மா விடுவாளா? "நம்ம வீட்ல இருக்கிறது ஒரே பொண்ணு. அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கச் சொல்லி எத்தனை மாசம் ஆச்சு? முதல்ல அதப் பாருங்க." நான் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

தட்டு வைத்தால் மட்டும் போதுமா? நாலு தொண்டைக்கும் சமமாகப் போக வேண்டும், அதுவும் குளிர்ந்த காற்றாகப் போக வேண்டும். இன்ஜின் சூட்டில் வெந்த காற்றைக் குடித்தால் வண்டிக்குப் பலம் இருக்காது. ஆகவே நாலையும் மூடி ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து காற்று கொண்டுவர ஒரு குழாய். அதற்காக எத்தனை பெட்டி செய்து எத்தனை உடைத்தோம்! செல்வியின் வேக்குவம் கிளீனரைத் திருடிவந்து ஒவ்வொரு தொண்டையின் அடியிலும் வைத்து உறிஞ்ச விடுவோம். நீ பெட்டியின் வாயில் ஊதுபத்தியைப் பிடிப்பாய். கண்ணாடி மூடி வழியாக நான் பார்ப்பேன். முதல் தொண்டைக்குப் புகை ஓடிப்போய் விழும். நாலாவதற்குச் சோம்பேறி மாதிரி சுற்றிக்கொண்டு போகும். "நாலாவது புள்ள பட்டினிடா" என்பாய். மறுபடி பெட்டியை அறுப்போம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் வீட்டை ஒட்டிய உன் தகரக் கூரை ஷெட்டில் நின்றால் மண்டை பிளக்கும். கூரைச் சூடு வெளியேற, மறைமலை நகரில் இடித்த ஒரு தொழிற்சாலையிலிருந்து காற்றில் தானாகச் சுற்றும் உருண்டை விசிறியை வேறு வாங்கி வந்து உச்சியில் பொருத்தியிருந்தாய். அப்படியும் அடுப்புதான். ஆனால் பெட்டிக்குள் போகும் காற்றின் சூட்டை மீட்டரில் பார்த்தால் இருபத்துநாலு டிகிரி! மார்கழி விடியற்காலை மாதிரி. டின்கள் அடுக்கிய ரேக்குக்குப் பின்னாலிருந்து அந்தக் குழாய் வந்தது. எங்கிருந்துடா எடுக்கிறாய் என்றால், "அத்த மட்டும் கேக்காத மச்சான்" என்று கண்ணடிப்பாய். குழாய் சுற்றிப்போய் வீட்டுக்குப் பின்னால் ஏதோ மர நிழலில் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ போய்விட்டாய். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றவன் நின்ற இடத்திலேயே சரிந்தாய். மாரடைப்பு என்றார்கள். கடைசிப் பெட்டிக்கு நிரந்தர மூடி செய்வது மட்டும் பாக்கி இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அப்புறம்தான்.

உன் மச்சினன் அவசரத்தில் உன் படத்தைப் படுக்கையறையில் மாட்டினான். தினசரிக் காலண்டர் தொங்கிய ஆணி ஒன்று தயாராக இருந்தது, காலண்டர் அட்டையைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே மாட்டிவிட்டான். மாலை போட்டு, அடியில் ஒரு பலகை வைத்து, விளக்கும் ஊதுபத்தியும்.

காரியம் எல்லாம் முடிந்து ஒருநாள் சாயங்காலம் போனேன். செல்வி காப்பி கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "அண்ணா, ஒண்ணு காட்டுறேன். யார்கிட்டயும் சொல்லல. என்னைப் பைத்தியம்னு சொல்லக் கூடாது."

ஊதுபத்தியை ஏற்றி உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். புகை ஒரு சாண் நேராக எழுந்தது. பிறகு வளைந்தது. வளைந்து, உன் முகத்தின் மேல் படர்ந்து, சட்டத்தின் ஓரத்தில் நுழைந்து காணாமல் போயிற்று. சீராக, நிற்காமல், நாம் பெட்டியின் வாயில் பிடித்தபோது போன மாதிரியே. மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் மூடியிருந்தது.

"காலையில இழுக்கிறதில்ல. சாயங்காலம், அவர் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர நேரத்துல மட்டும்" என்றாள். அவள் முகத்தில் நீ போனபிறகு நான் பார்க்காத ஒரு தெளிவு. "இப்பல்லாம் நல்லா தூக்கம் வருதுண்ணா."

காற்றின் வழியைத் தேடுவதே பிழைப்பாக இருந்தவன் நான். அன்றைக்கு ஒரு கை நீட்டிப் படத்தை நகர்த்திப் பார்த்திருக்கலாம். நகர்த்தவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "அவர் பாதியில விட்டத நீங்களே முடிச்சிடுங்கண்ணா. அப்புறம் கார நீங்களே வச்சுக்கோங்க."

மூடியை நான் செய்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், இன்ஜினை ஓட்டிப் பார்க்கப் போனேன். கூரை விசிறி வழியாக மழை ஒழுகியதால் அதைத் தார்ப்பாயால் கட்டினேன். சாரல் அடித்ததால் ஷட்டரை ஒரு முழம் மட்டும் விட்டு இறக்கினேன். புகைக்குழாய்க்கு ஒரு ஹோஸ் மாட்டி நுனியை வெளியே விட்டேன். ரேக்குக்குப் பின்னாலிருந்து வந்த காற்றுக் குழாயை இன்னும் பெட்டியில் மாட்டவில்லை, வாய் திறந்தே கிடந்தது. எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைப்பு. இன்ஜினைக் கிளப்பியதும் நாலு தொண்டையும் ஒரே குரலில் உறுமின. நீ கேட்டிருக்க வேண்டும்டா. கேட்டுக்கொண்டேயிருந்தேன், நேரம் போனது தெரியவில்லை.

"அண்ணா! அண்ணா! வாங்களேன், சீக்கிரம்!"

செல்வியின் குரல், சந்தோஷக் குரல். இன்ஜினை அணைத்துவிட்டு ஓடினேன், எனக்கே தலை கிறுகிறுத்தது. படுக்கையறை மூடியிருந்தது. உள்ளே அவள் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். ஊதுபத்திப் புகை உன் படத்தை விட்டு விலகி அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"இத்தனை நாளா உள்ள இழுத்தாரு. இன்னிக்கு வெளிய விடுறாருண்ணா. மூச்சு... மூச்சு விடுறாரு." நாக்கு குழறியது.

பெட்ரோல் நாற்றம். கட்டிலில் பாப்பா, பள்ளிக்கூட யூனிஃபார்மோடு தூங்கிக்கொண்டிருந்தாள். "பாப்பா" என்றேன். உலுக்கினேன். தலை துணி மாதிரி தொங்கியது. ஐயோ மச்சான், அந்த ஒரு நொடி! குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாசலுக்கு ஓடி மழையில் நின்றேன். செல்வி திமிறினாள், "விடுங்க, அவர் தனியா இருக்காரு" என்று கத்தினாள். மழை முகத்தில் அறைந்ததும் பாப்பா வாந்தி எடுத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகை போல இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்து, மறுநாள் அனுப்பினார்கள்.

வந்ததும் செல்வியின் கண்ணெதிரே உன் படத்தை இறக்கினேன். காலண்டர் அட்டையை எடுத்தேன். சுவரில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை, அதில் பிளாஸ்டிக் குழாய், அந்தப் பக்கம் ஷெட்டின் ரேக். படுக்கையறை ஏசியின் குளிரைத் திருடி இன்ஜினுக்கு ஊட்டியிருக்கிறாய், திருட்டுப் பயலே! அந்த இருபத்துநாலு டிகிரி இங்கே இருந்தது. கடற்காற்று வந்து கூரை விசிறி சுற்றுகிற சாயங்காலங்களில், மூடிக் கிடந்த ஷெட் இந்த ஓட்டை வழியாக அறையின் காற்றை இழுத்திருக்கிறது. விசிறியை நான் கட்டியதும், ஹோஸ் இணைப்பில் கசிந்த விஷப் புகையை அறைக்குள்ளே தள்ளியிருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் உடைந்து அழுதேன்.

செல்வி அழவில்லை. "ஏசி கூல் ஆகலன்னு மெக்கானிக்க எத்தனை திட்டு திட்டினேன்" என்றாள். ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, அன்னிக்குப் புகைய வெளிய தள்ளி எங்களுக்குக் காட்டிக்கொடுத்தாரா, இல்ல எங்களையும் கூட்டிட்டுப் போகப் பார்த்தாரா?"

"ரெண்டும் இல்லம்மா. காத்து" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அன்றே சிமென்ட் வைத்து அடைத்து, உன் படத்தை அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். காரை என் வீட்டு வாசலுக்கு, திறந்த வெளிக்குக் கொண்டுபோனேன். காற்றுக் குழாயின் வாயை முன்விளக்குக்குப் பக்கத்தில் திருப்பி, ரோட்டுக் காற்றைக் குடிக்க வைத்தேன். யார் வீட்டுக் குளிரும் வேண்டாம்.

அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். ஒரு வாரம் கழித்து செல்வி போன் செய்தாள். "வாங்கண்ணா" என்றாள்.

போனேன். ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. புகை வளைந்து உன் படத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், தேடினேன். என் கையில் ஒரு ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு சிமென்ட் பூச்சைச் சுற்றிப் பிடித்தேன். ஜன்னல் சட்டம், கதவடி, சுவிட்ச் பெட்டி, ஏசிக் குழாய் நுழையும் இடம், உத்திரத்தின் மூலை, ஒன்றையும் விடவில்லை. எங்கேயும் காற்று இல்லை. ஷெட் ஷட்டர் முழுக்கத் திறந்து கிடந்தது. வெளியே இலைகூட அசையவில்லை. என் கையிலிருந்த புகை நேராகப் போயிற்று. உனக்கு வைத்த புகை மட்டும் உன்னிடம் போயிற்று.

செல்வி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. முன்பிருந்த தெளிவு முகத்தில் இல்லை. "மூணு நாளா நாங்க ஹால்ல படுக்கிறோம். இவ ராத்திரியெல்லாம் என் மூக்குல கை வச்சுப் பாக்குறா" என்றாள். "ஓட்டை இருக்குல்லண்ணா? எங்கயாவது இருக்கும்ல? இருக்குன்னு சொல்லுங்க."

பாப்பா என் வாயையே பார்த்தாள்.

"இருக்கும்மா" என்றேன். "தோ, ஜன்னல் சட்டத்துல. முடி அளவு விரிசல். அதான்."

தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போய் விரிசல் அடைக்கும் பட்டி வாங்கி வந்தேன். விரிசலே இல்லாத சட்டத்தில், மேலிருந்து கீழ்வரை, விரலால் அழுத்தி அழுத்திப் பூசினேன். பூசும்போது உதடு அசையாமல் உன்னிடம் சொன்னேன்: "மச்சான், போதும்டா. குழந்தை தூங்கணும். போயிடுடா."

செல்வி புதிதாக ஒன்று ஏற்றினாள். புகை நேராக எழுந்தது. உன் முகத்தைத் தொடாமல், கூரைவரை, கோடு போட்ட மாதிரி.

"அப்பாடா" என்றாள் செல்வி. "ஓட்டைதான்." பாப்பா இடுப்பிலிருந்து இறங்கி, கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

நான் வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தேன். வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை. நீ எங்கே போனாய் என்று எனக்குத் தெரியாதுடா. உன் வீட்டை விட்டு உன்னைப் போகச் சொன்னது நான். சொன்னதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.