பேரு மட்டும் போதும்

அன்புள்ள வல்லி,

நானும் இந்த அசாம் குளிரும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? போனில் சொன்னால் நீ அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

லீவில் வரும்போது, குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ராஜபாளையத்தில் கூட்டம் நடக்கிற இடம் உன் அண்ணன் கடைக்கு எதிரிலேயே இருக்கிறதாம். எனக்கு மனசு துணியவில்லை. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்துக்காரருக்குப் போன் போட்டேன். பேர் கேட்டார். பட்டாளத்துப் பழக்கதோஷத்தில் நம்பர், ரேங்க், பேர் எல்லாவற்றையும் விறைப்பாக ஒப்பித்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"பேரு மட்டும் போதும் தம்பி. இங்க வந்து உக்காந்த பொறவு எல்லாருக்கும் ஒரே ரேங்குதான்."

வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்து வை. இந்தத் தடவை கேண்டீன் ரம் கிடையாது என்று உன் அண்ணனிடம் நீயே சொல்லிவிடு.

பரேடுக்கு விசில் ஊதிவிட்டார்கள். போன லீவில் போதையோடு பஸ்ஸைவிட்டு இறங்கினேனே, அப்போது உன் சேலைக்குள் ஒளிந்த பாப்பாவின் முகம் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. இந்தத் தடவையும் அவளைக் கூட்டி வா. ஒளிந்தால் திட்டாதே. அவளாக வரும்வரை பெட்டியோடு அங்கேயே நிற்கிறேன்.

உன்
முத்துவீரன்